சாதாரண வகுப்பில எங்கட டவுன் சின்ட்ரோம் பிள்ளை: ரெண்டரை வருசத்துக்குப் பிறகு ஒரு அம்மாவின்ர ரிவியூ

கன நாளா எழுதவேணும் எண்டு இருந்தது, வீட்டு வேலை, தோட்டம், பிள்ளையின்ர கிளினிக் எண்டு இழுபட்டு இழுபட்டு இண்டைக்குத்தான் ஆறுதலா இருந்து எழுதுறன். போன மாசம் மட்டும் மூண்டு அம்மாமார் கோல் எடுத்தவை. ஒராள் தருமபுரம், ஒராள் முழங்காவில், மற்றவா மல்லாவிப் பக்கம். ஆளையாள் தெரியாது, ஆனா மூண்டு பேரும் கேட்டது ஒரே கேள்வி. "அக்கா, உங்கட பிள்ளையை மற்றப் பிள்ளையளோட ஒரே வகுப்பில தானே விட்டிருக்கிறியள், அங்க உண்மையா படிப்பிக்கினமோ, இல்லாட்டி ஒரு மூலையில இருத்தி வைச்சிட்டு மணி அடிக்க அனுப்பி விடுகினமோ?"

சாப்பாட்டுக் கடைக்கு ரிவியூ போடுறம், வாங்கின போனுக்குப் போடுறம், எங்கட பிள்ளையள் கிழமைக்கு அஞ்சு நாள் போய் இருக்கிற இடத்துக்கு ஆரும் போடுறேல்ல. அதால நான் போடுறன். பள்ளிக்கூடத்தின்ர பேர் போடேல்ல, ரீச்சரின்ர பேரும் போடேல்ல, ஏனெண்டா பேர் போட்டா என்ர பிள்ளை ஆரெண்டு ஊருக்கே தெரியும், அவள் பெரிசா வளந்து இதை வாசிக்கேக்க தன்னைக் கேக்காம போட்டிட்டா அம்மா எண்டு நினைக்கக் கூடாது. பரந்தனில இருந்து புதுக்குடியிருப்புக்குப் போற ஏ35 ரோட்டுப் பக்கம் உள்ளுக்குள்ள இருக்கிற ஒரு அரசாங்கப் பள்ளிக்கூடம், அவ்வளவு தெரிஞ்சாக் காணும்.

பிள்ளைக்கு இப்ப 9 வயசு, 3ஆம் வகுப்பு. பிறக்கேக்க இருதயத்தில ஓட்டை இருந்தது, டவுன் சின்ட்ரோம் பிள்ளையளில ஏறக்குறைய பாதிப் பேருக்கு அப்பிடி ஏதாவது இருக்கும், கொழும்பு லேடி ரிட்ஜ்வே சிறுவர் ஆசுப்பத்திரியில ஒப்பரேஷன் செய்து இப்ப நல்ல சுகம். சொந்தக்காரர் கன பேர் கேட்டவை, வயித்தில இருக்கேக்க கிரகணம் பாத்தனியோ, பயந்தனியோ எண்டு. அதொண்டும் இல்லை. எங்கட உடம்பில ஒவ்வொரு கலத்திலயும் 21ஆவது குரோமோசோம் (மரபணு இருக்கிற இழை) ரெண்டு இருக்கும், இந்தப் பிள்ளையளுக்கு மூண்டு இருக்கு, 1959ல பிரான்சில கண்டுபிடிச்ச விசயம், உலகத்தில எந்தச் சாதி எந்தச் சமயம் எண்டு பாக்காம ஏறக்குறைய 700, 1000 பிறப்புக்கு ஒண்டு இப்பிடி வரும். மார்ச் மாசம் 21ஆம் திகதியை உலக டவுன் சின்ட்ரோம் நாளா வைச்சதும் அதால தான், மூண்டாம் மாசம், 21. இதை நான் மாமியாருக்கு விளங்கப்படுத்த ரெண்டு வருசம் எடுத்தது. இப்ப அவா தான் சந்தையில மற்ற ஆக்களுக்குச் சொல்லித் திரியிறா.

முதல் போன பள்ளிக்கூடத்தைப் பற்றி நான் கனக்கச் சொல்ல விரும்பேல்ல, ஆனா கொஞ்சம் சொல்லாட்டி இப்பத்தைய இடம் ஏன் நல்லது எண்டு உங்களுக்கு விளங்காது. அங்க பிள்ளையை எடுக்க மாட்டம் எண்டு சொல்லேல்ல, எடுத்தவை. கடைசி வாங்கில, யன்னல் பக்கம், ஒரு கலர் பென்சில் பெட்டியும் ஒரு கொப்பியும். நாலு மாசத்துக்குப் பிறகு அந்தக் கொப்பியைத் திறந்து பாத்தன், முதல் பக்கத்தில இருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் சிவப்புக் கலரில வட்டம் வட்டமா கீறியிருக்கு, ஒரு பக்கத்தில கூட ரீச்சரின்ர ஒரு சரி அடையாளமோ ஒரு திகதியோ இல்லை. அந்தக் கொப்பியை இப்பவும் அலுமாரியில வைச்சிருக்கிறன். கேட்டதுக்கு "அவ குழப்படி இல்லாம இருக்கிறா தானே அம்மா, ஏன் கவலைப்படுறியள்" எண்டு சொன்னவை. பிறகு, விசேட கல்வி அலகு (இப்பிடிப் பிள்ளையளுக்கெண்டு தனி வகுப்பு) இருக்கிற பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு போங்கோ எண்டவை. அலகு கூடாது எண்டு நான் சொல்லேல்ல, சில பிள்ளையளுக்கு அதுதான் பொருந்தும், அங்க பயிற்சி எடுத்த ஆக்கள் இருக்கினம். ஆனா நான் போய்ப் பாத்த இடத்தில 6 வயசும் 15 வயசும் ஒரே அறையில, என்ர பிள்ளை மற்றவையைப் பாத்துப் பாத்துச் செய்து பழகிற ஆள், ஆரைப் பாத்து எதைப் பழகிறது?

ஒரு வருசம் அப்பிடியே போட்டுது. பிறகு இந்தப் பள்ளிக்கூடத்து அதிபரை என்ர தமையனுக்குத் தெரியும் எண்டு போய்க் கதைச்சம். ஒரு விசயம் எல்லா அம்மாமாரும் தெரிஞ்சு வைச்சிருங்கோ, இலங்கையில 5 வயசில இருந்து 16 வயசு வரைக்கும் கட்டாயக் கல்வி, 1996ஆம் ஆண்டு 28ஆம் இலக்கச் சட்டம் மாற்றுத்திறனாளி எண்ட காரணத்துக்காக ஒரு ஆளுக்குப் பள்ளிக்கூடத்தில சேக்கிறதில பாகுபாடு காட்டக் கூடாது எண்டு சொல்லுது, 2016ல இலங்கை ஐநாவின்ர மாற்றுத்திறனாளிகள் உரிமை ஒப்பந்தத்தையும் ஏற்றுக்கொண்டது, அதில 24ஆவது பிரிவு எல்லாரும் ஒண்டா இருந்து படிக்கிறதைப் பற்றித்தான். சண்டை பிடிக்கப் போகேக்க சட்டத்தைத் தூக்கிக்கொண்டு போகச் சொல்லேல்ல. ஆனா "எடுத்து உதவி செய்யுங்கோ" எண்டு கும்பிட்டுக்கொண்டு நிக்கத் தேவையில்லை, நிமிந்து நிண்டு கதைக்கலாம்.

முதல் நாள். நான் கதவடியில நிண்டு பாத்துக்கொண்டு நிண்டனான். ரீச்சர் பிள்ளையின்ர முகத்தைப் பாக்க முதல் காலைப் பாத்தவா. கதிரையில இருக்க ரெண்டு காலும் நிலத்தில முட்டேல்ல, தொங்கிக்கொண்டு இருக்கு. இந்தப் பிள்ளையளுக்கு தசை கொஞ்சம் இளக்கம், முதுகை நிமித்தி வைச்சிருக்கிறதே ஒரு வேலை, கால் ஊண்ட இடமில்லாட்டி உடம்பைப் பிடிக்கிறதிலயே முழுச் சக்தியும் போயிடும், பிறகு எங்க எழுதுறது. ரீச்சர் ஒண்டும் கதைக்காம வெளியில போய் தண்ணித் தாங்கியடியில கிடந்த ஒரு சீமெந்துக் கல்லைத் தூக்கிக்கொண்டு வந்து, துணியால துடைச்சு, காலுக்குக் கீழ வைச்சிட்டு "இப்ப இருங்கோ பாப்பம் பிள்ளை" எண்டவா. முன்னம் அஞ்சு நிமிசத்தில மேசையில தலையைச் சரிக்கிறவள் அண்டைக்கு இடைவேளை மணி வரைக்கும் இருந்தவள். எனக்கு அந்தக் கல்லைப் பாத்து அழுகை வந்திட்டுது, உண்மையா. அஞ்சு வருசமா எத்தினை பேர் பாத்தவை, ஒருத்தரும் அந்தக் காலைக் காணேல்ல.

இனி வாசிப்பு. இதுதான் நான் ஆகக் கூடப் புள்ளி குடுக்கிற விசயம். எங்கட ஊர் முறை தெரியும் தானே, அ ஆ இ ஈ, பிறகு க ங ச, பிறகு உயிர்மெய், 247 எழுத்தையும் மனனம் பண்ணிப் போட்டுத்தான் சொல்லுக்கு வாறது. காதால கேட்டதை மனசில பிடிச்சு வைச்சிருக்கிறது என்ர பிள்ளைக்குக் கஷ்டம், "க், ஆ, கா, ல், கால்" எண்டு சேக்கச் சொன்னா கடைசிக்கு வரேக்க முதல் எழுத்து மனசில இருந்து போயிடும். ஆனா கண்ணால பாத்ததை விடமாட்டாள். ஒருக்கா போன வீட்டில சாவி எங்க தொங்குது எண்டு அடுத்த வருசம் போய் எடுத்துத் தருவாள். டவுன் சின்ட்ரோம் பிள்ளையளில கனபேருக்கு இது பொது, கண்ணால படிக்கிறது பலம், காதால படிக்கிறது பலவீனம். இங்கிலாந்தில போர்ட்ஸ்மத் எண்ட இடத்தில சூ பக்லி எண்டவா 1980கள்ல இருந்து இதைத்தான் ஆராய்ஞ்சு சொல்லிக்கொண்டு வந்தவா, இந்தப் பிள்ளையளுக்கு முழுச் சொல்லாக் காட்டி வாசிக்கப் பழக்கலாம், அந்த வாசிப்பே பிறகு கதைக்கிறதுக்கும் உதவும் எண்டு.

ரீச்சர் செய்தது இதுதான். என்னட்ட வீட்டுப் போட்டோக்கள் கேட்டவா. அம்மா, அப்பா, அம்மம்மா, மாடு, சைக்கிள், கிணறு. போட்டோவுக்குக் கீழ பெரிய எழுத்தில சொல். அதே சொல் தனிய இன்னொரு மட்டையில. முதல் சொல்லுக்குச் சொல் பொருத்த வேணும், வாயால ஒண்டும் சொல்லத் தேவையில்லை. பிறகு "மாடு எங்க, எடுத்துத் தாங்கோ" எண்டு கேக்கிறது. அது ரெண்டும் வந்த பிறகுதான் மட்டையைக் காட்டி "இது என்ன" எண்டு கேக்கிறது. பிழையா எடுக்கப் போனா கை போய்ச் சேர முதலே ரீச்சர் மெல்லமா சரியான மட்டைக்குத் திருப்பி விடுவா, பிழை செய்ய விட்டுத் திருத்துறேல்ல, ஏனெண்டா ஒருக்கா பிழையாப் பாத்தா அந்தப் பிழையே மனசில ஒட்டிப் போகும். லமினேட் பண்ண நாங்கள் செய்யேக்க ஒரு ஏ4 தாளுக்கு 100 ரூபா எடுத்தவை, அதைத் தாங்க ஏலாட்டி பழைய கொப்பி மட்டையில ஒட்டி மேல செலோரேப் போட்டாலும் காணும், நாங்கள் பாதி அப்பிடித்தான் செய்தது.

எங்கட எழுத்தில ஒரு சிக்கல் இருக்கு. பல், பால். கல், கால். எழுத்தில போடுற கால் (ா) ஒண்டு தான் வித்தியாசம், முழுச் சொல்லாப் பாக்கிற பிள்ளைக்கு அது ரெண்டும் ஒண்டுதான். ரெண்டு கிழமை பால் மட்டையைக் காட்டினா பல்லைத் தொட்டுக் காட்டிக்கொண்டு இருந்தவள். ரீச்சர் அந்தக் காலை மட்டும் சிவப்பு மாக்கரால எழுதி, பால் எண்டு நீட்டிச் சொல்லேக்க பிள்ளையின்ர விரலைப் பிடிச்சு அந்தச் சிவப்பில மேல இருந்து கீழ இழுத்தவா. ஒரு மாசத்தில பிடிபட்டுது. இப்ப 160 சொல்லுக்கு மேல வாசிக்கிறாள், அதுக்குப் பிறகுதான் எழுத்து எழுத்தாப் பிரிச்சும் பழக்கத் தொடங்கினவா, அது ஆமை வேகத்தில போகுது, போகட்டும்.

ஒரு நாள் பரந்தன் சந்தியில பஸ்சுக்கு நிக்கிறம். ஒரு பஸ் வருது, இவள் என்ர சீலையைப் பிடிச்சு இழுத்து போர்ட்டைக் காட்டி "புதுக்குடியிப்பு" எண்டாள். நான் திகைச்சுப் போனன். அவ்வளவு நீட்டுச் சொல் எப்பிடி? ரீச்சரிட்டக் கேட்டன், அவா சொன்னவா, நீட்டுச் சொல் தான் லேசு, அது மாதிரி வேற ஒண்டும் இல்லை தானே, பல்லும் பாலும் தான் கஷ்டம் எண்டு. யோசிச்சுப் பாத்தா சரி தான்.

கணக்கு. இதுக்கு நியூமிகோன் எண்டு இங்கிலாந்தில செய்த ஒரு சாமான் இருக்கு, கலர் பிளாஸ்ரிக் தட்டு, 1க்கு ஒரு ஓட்டை, 2க்கு ரெண்டு ஓட்டை, 10 வரைக்கும் சோடி சோடியா, எண்ணிக்கையைக் கண்ணால பாக்கலாம் கையால தடவலாம். வெளிநாட்டில இருந்து எடுப்பிக்க எங்களுக்குக் கட்டாது. ரீச்சர் பழைய பாட்டாச் செருப்பில வெட்டினவா. அவான்ர மனுசன் ஒரு இரும்புக் குழாய்த் துண்டின்ர வாயை ராவிக் கூராக்கி, சுத்தியலால அடிச்சு அடிச்சு ஓட்டை போட்டுக் குடுத்தவர், பிள்ளையின்ர விரல் போற அளவுக்கு. நீலச் செருப்பு 3, சிவப்பு 5, பச்சை 4 எண்டு ஒவ்வொண்டுக்கும் ஒரு கலர். 5ல ஒரு ஓட்டை துருத்திக்கொண்டு தனிய நிக்கும், 3லயும் அப்பிடி, அது ரெண்டையும் கொண்டுபோய்ச் சேத்தா துருத்தினது ரெண்டும் ஒண்டோட ஒண்டு பொருந்தி வடிவா ஒரு நீட்டுச் சதுரமா வரும், அது தான் 8. என்ர பிள்ளை அதை முதல் முதல் பொருத்திப்போட்டு, ஒரு சின்னச் சத்தம் வந்தது வாயில இருந்து, பூட்டுப் பூட்டினமாதிரி "டக்" எண்டு. இப்பவும் கூட்டல் செய்யேக்க அந்தச் சத்தம் போடுவாள். நல்ல விசயம் என்னெண்டா அந்தச் செருப்புத் துண்டுகள் வகுப்பில எல்லாப் பிள்ளையளும் பாவிக்கினம், இவளுக்கு மட்டும் தனிய ஒரு சாமான் எண்டு இல்லை. கழித்தலில முட்டுப்பட்டுக்கொண்டு இருந்த ரெண்டு பெடியள் அதால தேறிட்டாங்கள்.

இனிக் கதைக்கிறது. பிள்ளை விளங்கிறதில ஒரு பங்கைத்தான் வாயால சொல்லுவாள், நாக்கும் வாய்த் தசையும் ஒத்துழைக்காது, ரீச்சர் எண்டுறது "ஈச்ச" எண்டு வரும். தெரியாத ஆக்கள் கதையைக் கேட்டிட்டு இவளுக்கு ஒண்டும் விளங்காது எண்டு முடிவெடுத்திடுவினம். இந்த ரீச்சரிட்ட நான் பாத்த பெரிய திறமை காத்திருக்கிறது. ஒரு கேள்வி கேட்டிட்டு மனசுக்குள்ள பத்து எண்ணுவா. முதுகுக்குப் பின்னால விரல் ஒவ்வொண்டா மடங்கிறதை நான் கண்டனான். ஏழு எட்டில தான் பதில் வரும். எங்களுக்குப் பொறுமை இல்லை, மூண்டில திருப்பிக் கேப்பம், திருப்பிக் கேட்டா அவளுக்குத் திருப்பி முதல்ல இருந்து தொடங்கவேணும். நானே இதை வீட்டில இப்பத்தான் பழகிறன். அதோட தண்ணி, ரொய்லற், முடிஞ்சுது, உதவி எண்டு கொஞ்சச் சொல்லுக்குக் கைச் சைகையும் பழக்கினவா, முழு வகுப்புக்கும். சைகை பழகினா கதைக்க மாட்டாள் எண்டு என்ர மனுசன் பயந்தவர். ஆசுப்பத்திரியில ஸ்பீச் தெரபி மிஸ் தான் சொன்னவா, அப்பிடி இல்லை, சைகை கதைக்குப் பாலம் எண்டு. உண்மை தான், "உதவி" எண்ட சொல் கையில வந்து ஆறு மாசத்தில வாயிலயும் வந்தது.

போன மார்கழியில ஒரு பிரச்சினை வந்தது. திடீரெண்டு பிள்ளை சொல்வழி கேக்கிறேல்ல, கூப்பிட்டாத் திரும்பிறேல்ல, நான் வீட்டில ரெண்டு அடியும் போட்டிட்டன், அதை நினைச்சா இப்பவும் நெஞ்சு வலிக்கும். ரீச்சர் தான் சொன்னவா, அம்மா மழை நாளில தான் கூட இப்பிடி, தகரக் கூரையில மழை அடிக்கேக்க எனக்கே என்ர குரல் கேக்குதில்லை, ஒருக்கா காதைக் காட்டுங்கோ எண்டு. ஈஎன்ரி (காது, மூக்கு, தொண்டை) கிளினிக்கில பாத்தா நடுக்காதுக்குள்ள பசை மாதிரி நீர் தேங்கி நிக்குது. இந்தப் பிள்ளையளுக்கு காதுக் குழாய் ஒடுக்கம், தடிமன் வந்தா உடன அடைச்சுக்கொள்ளும், வெளியால ஒண்டும் தெரியாது. அதுக்குப் பிறகு முன் வாங்குக்கு மாத்தி, சத்தம் போடுற மின்விசிறிப் பக்கத்தில இருந்து தள்ளி இருத்தினவை, மழை பெய்தா ரீச்சர் பக்கத்தில வந்து முகத்தைப் பாக்க வைச்சுத்தான் சொல்லுவா. டவுன் சின்ட்ரோம் பிள்ளை வைச்சிருக்கிறவை காது, கண், தைரொயிட் மூண்டையும் வருசத்துக்கு ஒருக்காவது பாருங்கோ, படிப்பில பின்னுக்குப் போறா எண்டு சொல்ல முதல் பாருங்கோ. கழுத்து எலும்பும் சில பிள்ளையளுக்குத் தளர்வா இருக்கும், அதால டொக்டர் சொல்லாம குத்துக்கரணம் அடிக்க விடாதேங்கோ, பீரி (உடற்பயிற்சி) ரீச்சருக்கும் சொல்லி வையுங்கோ.

மற்றப் பிள்ளையளைப் பற்றிச் சொல்லவேணும். பழிப்பினம் எண்டு பயந்து போனனான், நடந்தது நேர்மாறு, தலையில தூக்கி வைச்சவை. புத்தகப் பையைத் திறந்து குடுக்கிறது, சப்பாத்துக் கட்டி விடுறது, கொப்பியில எழுதியும் குடுக்கிறது. இவள் ராசாத்தி மாதிரி இருந்தாள். ஒரு கிழமை பாத்திட்டு ரீச்சர் வகுப்புக்குச் சொன்னவா, "செய்து குடுக்காதேங்கோ, செய்து காட்டுங்கோ" எண்டு. இப்ப பக்கத்தில இருக்கிற பிள்ளை தன்ர சப்பாத்தைக் கழட்டித் திருப்பிப் போட்டுக் காட்டும், இவள் பாத்துச் செய்வாள். அதே மாதிரி இவளிட்ட ஒரு கெட்ட பழக்கம், கஷ்டமான வேலை குடுத்தா ஓடிப்போய் ரீச்சரைக் கட்டிப் பிடிச்சுக் கொஞ்சிறது, ஆக்கள் சிரிச்சு மனசு இளகி விட்டிடுவினம். இந்த ரீச்சர் கொஞ்சினதுக்குக் கொஞ்சிப்போட்டு, கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு வந்து அதே வேலையில பாதியைத் தாளால மறைச்சு, "இவ்வளவு மட்டும் செய்யுங்கோ" எண்டு இருத்துவா. வேலை குறையும், ஆனா தப்பாது.

பாடமும் அப்பிடித்தான், வேற பாடம் இல்லை. சுற்றாடல் பாடத்தில தண்ணி எண்டா எல்லாரையும் கூட்டிக்கொண்டு பக்கத்துக் குளத்துக் கட்டுக்குப் போனவை, வந்து மற்றவை அஞ்சு வசனம் எழுதினவை, இவள் குளம், கிணறு, வாய்க்கால், குழாய் எண்டு நாலு படத்துக்குக் கீழ சொல் மட்டை வைச்சு, வகுப்புக்கு முன்னால நிண்டு ஒவ்வொண்டாக் காட்டினவள். சுவரில பிள்ளையின்ர நாள் ஒழுங்கு படமா ஒட்டியிருக்கு, ஒவ்வொரு வேலை முடிய அந்தப் படத்தைத் தானே திருப்பி விடுவாள், அதால இப்ப என்ன அடுத்தது என்ன எண்ட அந்தரம் இல்லை.

இனி குறையள். 33 பிள்ளையள், ஒரு ரீச்சர், உதவிக்கு ஆள் இல்லை. அவா ஒரு நாள் லீவு எண்டா அண்டைக்கு என்ர பிள்ளைக்கும் லீவு மாதிரித்தான், பதிலா வாற ஆக்களுக்கு மட்டைப் பெட்டி எங்க இருக்கு எண்டே தெரியாது. கல்வி வலயத்தில இருந்து விசேட கல்விக்குப் பொறுப்பான ஆசிரிய ஆலோசகர் தவணைக்கு ஒருக்கா வாறவர், நல்ல மனுசன், ஆனா அரை மணித்தியாலம் காணுமோ? தவணை அறிக்கையில எல்லாப் பாடத்துக்கும் ஆகக் கீழ் மட்டம் எண்டு போட்டு வருது, ஒரு வருசத்தில 70 சொல் கூடப் படிச்சதை எழுத அந்த அறிக்கையில ஒரு இடம் இல்லை. நான் அதிபரிட்டக் கேட்டு, பின்பக்கத்தில கையால எழுதித் தரச் சொல்லி இப்ப எழுதித் தருகினம். போன வருச விளையாட்டுப் போட்டிக்கு இவளை எடுக்கேல்ல, தொப்பி போட்டு கொடிக்குக் கீழ இருத்தி வைச்சவை, மற்றப் பிள்ளையள் பணிஸ் சாப்பிட்டுக்கொண்டு ஓடேக்க இவள் எழும்பி எழும்பிப் பாத்தவள். அண்டைக்கு எனக்கு வந்த கோவம் கொஞ்சமில்லை. இந்த வருசம் முன்கூட்டியே போய்ச் சொல்லி, ஓடினவள், கடைசியா வந்தவள், கயிறு வரைக்கும் ஓடி முடிச்சவள்.

ஆகப் பெரிய பயம் இடமாற்றம். எல்லாம் இந்த ஒரு ரீச்சரின்ர தலையில நிக்குது. தேசிய கல்வி நிறுவகத்திலயும் கல்வியியல் கல்லூரியளிலயும் விசேட கல்வி படிச்ச ஆக்கள் வருகினம், ஆனா சாதாரண வகுப்பு ரீச்சருக்கு இதைச் சொல்லிக் குடுக்கிறது ஆர்? இவா தானே தேடிப் படிச்சு, போனில வீடியோ பாத்து, பிழை விட்டுத் திருத்திப் பழகினவா. 5ஆம் வகுப்பு புலமைப்பரிசில் சோதனை நெருங்க வேகம் கூடும், அப்ப என்ர பிள்ளைக்கு நேரம் இருக்குமோ எண்டு இரவில யோசிச்சுக்கொண்டு படுக்கிறனான். அதால நானும் ரீச்சரும் ஒரு கொப்பி எழுதத் தொடங்கியிருக்கிறம், பிள்ளைக்கு எது சரிவரும், எது சரிவராது, எந்தச் சொல் வரைக்கும் வந்திருக்கு, எந்தச் சைகைக்கு என்ன கருத்து, எல்லாம். அடுத்த ரீச்சர் வந்தா முதல் நாள் அவாவின்ர கையில அது இருக்கும்.

ஒரு பள்ளிக்கூடத்தைப் பாக்கப் போறவைக்கு என்ர அனுபவத்தில சொல்லுறன், அதிபரின்ர அறையில இருந்து கதைச்சிட்டு வந்திடாதேங்கோ. வகுப்பில பத்து நிமிசம் நிண்டு பாக்கக் கேளுங்கோ. ஏற்கனவே அப்பிடி ஒரு பிள்ளை இருந்தா அந்தப் பிள்ளையின்ர கொப்பியில திகதி இருக்கோ பாருங்கோ. உங்கட பிள்ளையிட்ட ரீச்சர் கதைக்கிறாவோ, உங்களைப் பாத்துப் பிள்ளையைப் பற்றிக் கதைக்கிறாவோ எண்டு பாருங்கோ. காசு ஒண்டும் கேக்கேல்ல, அரசாங்கப் பள்ளிக்கூடம், புத்தகமும் சீருடைத் துணியும் எல்லாருக்கும் மாதிரி இவளுக்கும் வந்தது. எனக்குச் செலவு மட்டை, லமினேட், கிழமையில ஒரு நாள் நான் போய் மட்டைகள் வெட்டிக் குடுத்து உதவி செய்யிற பஸ் காசு, அவ்வளவு தான்.

ரீச்சருக்கு 5க்கு 5. வகுப்புப் பிள்ளையளுக்கும் 5. பள்ளிக்கூடத்துக்கு 3, விளையாட்டுப் போட்டியும் ரொய்லற் படியும் தான் காரணம், அந்தப் படி உயரம் கூட, கைபிடி ஒண்டு போட்டுத் தரச் சொல்லி ரெண்டு தரம் கேட்டாச்சு, பழைய மாணவர் சங்கம் இந்தத் தவணைக்குள்ள போட்டுத் தாறம் எண்டிருக்கு.

கடைசியா ஒரு உதவி. செருப்பில 8 வரைக்கும் தான் வெட்டியிருக்கு. 9க்கும் 10க்கும் பெரிய துண்டு வேணும், ஆம்பிளையளின்ர செருப்பு, அடி தடிப்பானது, தேஞ்சு போகாதது, மஞ்சளும் கறுப்பும் இருந்தா நல்லம், மற்றக் கலர் எல்லாம் முடிஞ்சுது. ஒரு சோடி அறுந்து கிடந்தா எறியாதேங்கோ, இன்பொக்ஸில சொல்லுங்கோ, பரந்தன் சந்திக்கு வந்து வாங்கிறன்.